கயிறு கீழே விழுந்தால்

அவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்ததே தவிர யார் வாயிலும் இல்லை. கட்டிய பெண்டாட்டியே வாசலில் நின்று, "எங்க வீட்டு நிதானம் அந்தப் பக்கம் வந்துச்சா?" என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பாள். பஸ் வந்து நின்றால் முண்டியடித்து ஏற மாட்டார். ஏற வேண்டியவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று திரும்பிப் பார்ப்பார். பார்த்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். வாழ்க்கையில் பாதியை அவர் பஸ் நிறுத்தத்திலேயே கழித்தார் என்று அவள் சொல்வது கொஞ்சம் அதிகம். ரொம்ப அதிகம் இல்லை.

இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மனிதர்களுக்குத்தான் தெரியவில்லை. குதிரைகளுக்குத் தெரிந்திருந்தது.

ஊருக்கு வெளியே, பழைய டயர்களை மலையாகக் குவித்துவைத்திருக்கும் கிடங்கைத் தாண்டினால் குதிரையேற்றப் பள்ளி. அதை நடத்தியவர் ஒரு பல் டாக்டரம்மா. இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்து அலுத்துப்போய், கிளினிக்கை இழுத்து மூடிவிட்டுக் குதிரை வாங்கினார். பழக்கம் விடுமா? எந்தக் குதிரை வந்து இறங்கினாலும் முதலில் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்துவிட்டு, "சொத்தை இல்ல, பரவாயில்ல" என்பார். அங்கே ஐந்து குதிரைகள். ஒன்று வெள்ளச்சி. ஒன்று தபால், யாரை ஏற்றி எங்கே அனுப்பினாலும் நேரத்துக்குத் திரும்பிவிடும். தண்ணீர்த் தொட்டியில் தான் குடித்த பிறகுதான் மற்றதெல்லாம் குடிக்க வேண்டும் என்று நினைப்பவள் மகாராணி. மையைக் கொட்டியது போல் கறுப்பாக இருந்தது மசி. ஐந்தாவது ஒரு செவலை. அது வந்தபோது அதற்கு வேறு பெயர் இருந்தது. பிறகு ஒத்தக்கண்ணன் ஆனது. அது ஒரு வயிற்றெரிச்சல், பின்னால் சொல்கிறேன்.

லாயம் நீளமான செங்கல் கட்டிடம். கீழே ஐந்து கொட்டடிகள், மேலே பலகைத் தளம் போட்டுக் கூரை வரைக்கும் வைக்கோல். லாயத்துக்கு முன்னால் மண் முற்றம். அங்கேதான் சேணம் கட்டுவது, குளம்பு பார்ப்பது, குளிப்பாட்டுவது எல்லாம். முற்றத்தைச் சுற்றி மரவேலி, வேலியில் ஒரு கதவு, அதற்கு அப்பால் ஓட விடும் மைதானம். சேணங்களும் கயிறுகளும் வைக்கிற அறை தள்ளித் தனியாக இருந்தது.

நிதானத்திடம் வித்தை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. புதுக் குதிரை வந்தால் அதன் கண்ணைப் பார்க்க மாட்டார். பத்தடி தள்ளிப்போய், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஒரு மணி நேரம் நிற்பார், இரண்டு மணி நேரம் நிற்பார். கால் வலித்தால் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறிக்கொள்வார். மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ குதிரைக்குப் பொறுக்காது. யாரிது, நம்மைச் சட்டையே பண்ணாமல் நிற்கிறான் என்று மெதுவாக வந்து தோள்பட்டையை மோந்து பார்க்கும். அப்போதும் திரும்ப மாட்டார். மூக்கால் முதுகில் ஒரு இடி இடித்தால்தான் திரும்பி, கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் சொறிந்துகொடுப்பார். அதோடு அன்றைய பாடம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

இதை அவர் எந்த ஞானியிடமும் கற்கவில்லை. பதினெட்டு வயதில் ஒரு பந்தயக் குதிரை லாயத்தில் சாணி அள்ளப் போனார். குதிரையைக் கண்டாலே அவருக்குத் தொடை நடுங்கும். ஒருநாள் ஒரு குதிரை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டது. ஓட வழியில்லை. கொல்வதானால் கொல்லட்டும், முகத்தைப் பார்த்துக்கொண்டு சாக முடியாது என்று சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். முதுகில் சூடாக மூச்சு பட்டது. அடி விழவில்லை. "எனக்குத் தைரியம் இருந்திருந்தா நானும் அன்னைக்கே சவுக்கைத்தான் எடுத்திருப்பேன்" என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். கேட்பவர்களுக்கு அது தன்னடக்கம் போலத் தெரியும். உண்மையைத்தான் சொன்னார்.

அவர் எல்லாக் குதிரைகளுக்கும் கற்றுக்கொடுத்த பெரிய பாடம் ஒன்று உண்டு. தலைக்கயிற்றின் நுனியைத் தரையில் போட்டால் குதிரை அந்த இடத்தில் நிற்க வேண்டும். கட்டுத்தறி வேண்டாம், முடிச்சு வேண்டாம், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டாம். கயிறு கீழே கிடந்தால் நிற்பது. எடுத்தால் நடப்பது. அது ஒரு அடி நகர்ந்தால் திட்ட மாட்டார். திரும்பி வந்து கயிற்றை எடுத்து, நகர்ந்த காலைப் பழைய இடத்தில் வைக்கச் செய்து, மறுபடி போட்டுவிட்டுப் போவார். நூறு தடவை, முந்நூறு தடவை. ஒவ்வொரு தடவையும் வந்து சொறிந்துகொடுப்பார். கயிற்றுக்குப் பயந்து எந்தக் குதிரையும் நிற்கவில்லை. கயிறு கீழே கிடந்தால் இந்த ஆள் கட்டாயம் திரும்பி வருவார் என்று அவற்றுக்குத் தெரியும், அதனால் நின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னப் பெண் வெள்ளச்சி மேலிருந்து சரிந்து, கால் அங்கவடியில் மாட்டித் தலைகீழாகத் தொங்கினாள். அங்கவடி என்றால் ஏறுகிறவர் கால் வைக்கும் இரும்பு வளையம். வேறு குதிரையாக இருந்தால் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கும், மண்டை சிதறியிருக்கும். கயிறு கீழே விழுந்ததும் வெள்ளச்சி நட்ட கல்லாக நின்றாள். பிள்ளையின் தகப்பன் நிதானத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். டாக்டரம்மா ஒரு மாதம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

இதெல்லாம் பிடிக்காதவன் ஒருவன் இருந்தான். வேறு யார், வீட்டுக்குள்ளேயே இருந்தான். பெண்டாட்டியின் தம்பி. அதே லாயத்தில் வேலை, அவர் வீட்டு முன்னறையில் படுக்கை, அக்கா கையால் மூன்று வேளைச் சாப்பாடு. அவனுக்குப் பட்டப்பெயர் சுளீர். அவன் கையில் சவுக்கு எழுப்பும் சத்தத்தால் வந்த பெயர். கெட்டவன் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவன் அப்படி இல்லை. தன் செலவில் கேரட் வாங்கி வந்து குதிரைகளுக்குக் கொடுப்பான். குளம்பில் கல் சிக்கினால் ஊசியில் நூல் கோர்ப்பது போல எடுப்பான். சவாரியில் நிதானத்தை விடப் பத்து மடங்கு கெட்டிக்காரன். பயம் இல்லாத குதிரை யாருக்கும் அடங்காது என்று நம்பினான், அவ்வளவுதான்.

"மாமா, நீங்க முதுகைக் காட்டுறீங்க, அது வருது. சரி. நாளைக்கு எவனோ ஒருத்தன் முதுகைக் காட்டினா அவன்கிட்டயும் போகும். பயம்னு ஒண்ணு இருந்தாத்தான் ஜீவன் பிழைக்கும்."

"பயந்தா எப்படி மாப்ள கத்துக்கும்?"

"கத்துக்கவே வேணாம். ஓடினா போதும்."

இப்படியே ஏழு வருஷம். ஏழாம் பொருத்தம்தான், ஆனாலும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தார்கள்.

செவலை வந்த வருஷம் நிதானத்துக்குக் குடலிறக்கம் என்று ஆபரேஷன் ஆனது. இருபது நாள் படுக்கை. பள்ளியில் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. "முடிஞ்சா அந்தச் செவலையையும் பழக்கிடுங்க" என்று டாக்டரம்மா போகிற போக்கில் சொன்னார். சுளீர் அதைப் பிடித்துக்கொண்டான். மாமா மூன்று மாதத்தில் செய்வதை மூன்று வாரத்தில் செய்து காட்டுகிறேன் என்று ஒரு வீம்பு. பதினேழாம் நாள் குதிரை தலையைத் திருப்பிய நேரத்தில் சவுக்கின் நுனி இடது கண்ணில் விழுந்தது.

நிதானம் திரும்பி வந்து பார்த்தபோது அந்தக் கண் வேகவைத்த முட்டை போல் வெளுத்துக் கிடந்தது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொட்டடி வாசலில் உட்கார்ந்தார். குதிரை அவரைக் கண்டதும் மூலைக்குப் போய் நடுங்கியது. சுளீர் பின்னால் வந்து நின்றான். அவன் முகத்தைப் பார்க்காமலேயே, "போயிடு மாப்ள" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் பேச்சு இல்லை. ஒரே மேசையில் எதிரும் புதிருமாகச் சாப்பிட்டார்கள். "உன் தம்பியை அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு." "அக்கா, தள்ளிட்டேன்னு அவர்கிட்ட சொல்லு." நடுவில் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் குதிரையோட பழகிப் பழகி மனுஷ பாஷையே மறந்துட்டீங்க. நான் என்ன தபாலா?" என்றாள். சுளீருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே முகம் கோணியது. தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மாமா. நீங்க அந்தச் செவலையைச் சரி பண்ணுங்க. மத்ததெல்லாம் நிக்குதே, அது மாதிரி அதுவும் உங்க கயிறுக்கு நிக்கட்டும். அது நிக்கிற அன்னைக்கு இந்தச் சவுக்கை அடுப்புல வெச்சுடுறேன். அதுவரைக்கும் தொட மாட்டேன்."

மறுநாள் சவுக்கைச் சேண அறையில் ஆணியில் மாட்டினான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதன் பிறகு எந்தக் குதிரை மேலும் அவன் கை ஓங்கவில்லை.

அன்றிலிருந்து நிதானத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். ஒத்தக்கண்ணன் நிற்க வேண்டும். அது நின்றுவிட்டால், செய்த பாவம் முழுதாகப் போகாவிட்டாலும் பாதியாவது கழியும் என்று ஒரு கணக்கு. பாவம் அவர் செய்ததில்லை. ஆனாலும் படுக்கையில் கிடந்தது தன் தப்பு என்று அவருக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தினமும் காலையில் மற்ற வேலைக்கு முன் அதனிடம் போவார். வலது பக்கமாகத்தான் போக வேண்டும். இடது பக்கம் அதற்கு இருட்டு. நாலு மாதம் கழித்து முதுகை மோந்தது. எட்டு மாதத்தில் தலைக்கயிறு மாட்ட விட்டது. ஒரு வருஷத்தில் சேணம் ஏற்றிக்கொண்டது. கூடவே நடந்தது, நின்றால் நின்றது. எல்லாம் செய்தது. ஆனால் கயிற்று நுனி தரையில் 'தொப்' என்று விழுந்தால் போதும், வெறி பிடித்தது போல ஓடும். வேலி இருந்தால் வேலியில் மோதும். சவுக்கு மண்ணில் விழுகிற சத்தமும் கயிறு மண்ணில் விழுகிற சத்தமும் அதற்கு ஒன்றுதான். அவர் கயிற்றை விரல் விரலாக இறக்கிப் பார்த்தார், கோணி விரித்து அதன் மேல் போட்டுப் பார்த்தார். ஓடியது. இரண்டு வருஷம், தினம் தினம்.

சுளீர் வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். அது ஓடும் ஒவ்வொரு தடவையும் அவன் கண்ணை மூடிக்கொள்வான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு விடுமுறை. குழந்தைகள் இல்லை. டாக்டரம்மா ஊரில் இல்லை. அறுந்துபோன சேணவாரைத் தைக்கக் கொடுக்க நிதானம் டவுனுக்குப் போயிருந்தார். மதியம் திரும்பும்போது பஸ் ஜன்னலில் டயர் கிடங்குப் பக்கம் கரும்புகை தெரிந்தது. டயர்தான் எரிகிறது என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். நிதானத்துக்கு மூக்கில் ஏறியது வைக்கோல் வாசனை. வாழ்க்கையில் முதல்முறையாக அன்று முண்டியடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

அவர் போனபோது தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. கூரை இல்லை. முற்றத்தைப் பார்த்தபடி இருந்த நீளச் சுவரும் இல்லை. அது அப்படியே வெளிப்பக்கமாக முற்றத்தில் சாய்ந்து கிடந்தது. வேலிக் கதவுக்குப் பக்கத்தில் சுளீர் உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தான். தோல் உரிந்திருந்தது.

கொட்டடிகள் காலியாகத்தான் இருந்தன. எல்லாக் குதிரைகளையும் அவன் வெளியே கொண்டுவந்துவிட்டான். செங்கல் குவியலுக்கு அடியிலிருந்து நாலு கயிறுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

தபாலும் மசியும் வெள்ளச்சியும் போய்விட்டன. மகாராணிக்கு மட்டும் உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே சுவர் கிடந்தது, தலையும் கழுத்தும் வெளியே இருந்தன. காது மட்டும் அவர் காலடிச் சத்தத்துக்குத் திரும்பியது. கால்நடை டாக்டர் ஊசியோடு வந்து, பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கயிற்று நுனி அவள் மூக்குக்கு முன்னால், போட்ட இடத்திலேயே கிடந்தது. நிதானம் மண்டியிட்டு அந்தக் கயிற்றைக் கையில் எடுத்தார். கயிற்றை எடுத்தால் நடக்கலாம் என்று அர்த்தம். மகாராணி கழுத்தை ஒருமுறை முன்னால் நீட்டினாள், எழுந்துவிடப் பார்த்தாள். டாக்டர் ஊசி போட்டார்.

என்ன நடந்தது என்பதை நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் சுளீர் சொன்னான். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. அக்கா அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாயில் இருந்ததை விழுங்காமல் பேசினான்.

"மேல ஃபேன் வயர்ல பிடிச்சிருக்கு மாமா. நான் பார்க்கறப்ப கூரை முழுக்க நெருப்பு. ஒவ்வொண்ணா இழுத்துட்டு வந்தேன். மைதானத்துக் கதவு வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வர நேரமில்ல. கட்டவும் நேரமில்ல. விட்டா பயத்துல திரும்ப உள்ளயே ஓடும், உங்களுக்குத் தெரியும்ல. அதான்..."

"விழுங்குடா முதல்ல" என்றாள் அக்கா.

"அதான் கயிறைக் கீழே போட்டேன். நாலும் நின்னுச்சு மாமா. உடம்பு கிடுகிடுன்னு ஆடுது, ஆனா இடத்தை விட்டு நகரல. நான் அப்பவும் நினைச்சேன், மாமா பெரிய ஆளுதான்டா, அப்படின்னு. கடைசியா ஒத்தக்கண்ணனைக் கொண்டுவந்தேன். பழக்கத்துல அதோட கயிறையும் போட்டுட்டேன். அது என்னை முட்டித் தள்ளிட்டு வேலியை உடைச்சுட்டு ஓடிடுச்சு. நான் அந்தக் கதவுகிட்டப் போய் விழுந்தேன். எழுந்திருக்கிறதுக்குள்ள சுவர் விழுந்துடுச்சு. அரை நிமிஷம்கூட இல்ல."

அவன் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். "ஏழு வருஷமா உங்களைக் கேலி பண்ணேன். அன்னைக்கு ஒரு நாள்தான் மாமா உங்க வழியில செஞ்சேன்."

நிதானம் என்ன சொல்வார்? உன் மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்து, யார் மேல் தப்பு என்கிற கேள்வி அந்தக் கட்டிலைச் சுற்றி நிற்கும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ கயிறைப் போட்டது தப்பில்ல மாப்ள. நிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்" என்றார். அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

எந்தக் குதிரையும் நெருப்புக்கு முன் நிற்காது என்று கால்நடை டாக்டர் பிற்பாடு யாரிடமோ வாதாடினாராம். அவர் படித்தவர். ஆனால் அந்த நாலு கயிறுகளின் நுனி எங்கே கிடந்தது என்று நிதானம் பார்த்தார். சேணம் கட்டுகிற நேரத்தில் எந்தக் குதிரை எந்த இடத்தில் நிற்குமோ, அதே வரிசை, அதே இடம். செங்கல்லை அள்ளிப் பார்த்தால், மண்ணில் குளம்புத் தடங்கள் நின்ற இடத்திலேயே மிதித்து மிதித்துக் குழியாகியிருந்தன. மண் அள்ளும் இயந்திரம் வந்து மைதானத்தின் ஓரத்தில் பெரிய பள்ளம் தோண்டியது. டாக்டரம்மா வந்து நாலு வாயையும் ஒருமுறை திறந்து பார்த்தார். பார்த்துவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

ஒத்தக்கண்ணன் கல்லுடைக்கிற குழிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று மூன்றாம் நாளே தகவல் வந்திருந்தது. நிதானம் நடந்தே போய் நடந்தே கூட்டிவந்தார். மார்பில் வேலிக் கட்டை கிழித்த காயம், வேறு ஒன்றுமில்லை. அடி வாங்கிய குதிரை பிழைத்தது. அவர் ஒரு அடியும் படாமல் வளர்த்த நாலும் மண்ணுக்குள் போயின. வழி நெடுக அவர் மண்டைக்குள் இது ஒன்றுதான் ஓடியது. பயம் இருந்தால்தான் ஜீவன் பிழைக்கும் என்று அந்தப் பயல் சொன்னானே, சொன்னானே என்று.

குதிரை தனியாக இருக்கப் பிறந்த ஜீவன் இல்லை. வண்டி நிறுத்துகிற தகரக் கொட்டகையில் அதைக் கட்டினார்கள். அது மற்ற நாலையும் தேடிக் கனைத்தது. ஐந்தாறு நாளில் கனைப்பது நின்றது. அதன் பிறகு நிதானத்தை விடவில்லை. அவர் நடந்தால் நடந்தது, உட்கார்ந்தால் தலையைக் கொண்டுவந்து அவர் தோளில் வைத்தது. இடது பக்கமாகப் போனாலும் உதறவில்லை.

பத்தாம் நாள் காலை சுளீர் கட்டுப் போட்ட கைகளோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக லாயத்துக்கு வந்து, சேண அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நிதானம் ஒத்தக்கண்ணனைத் தொட்டிக்குக் கூட்டிவந்தார். குழாயைத் திறக்கக் குனிந்தபோது கயிறு கையை விட்டு நழுவியது. மண்ணில் 'தொப்' என்று விழுந்தது.

அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு ஒதுங்கினார், அது முட்டிக்கொண்டு ஓடும் என்று. ஓடவில்லை.

பத்தடி நடந்தார். திரும்பிப் பார்த்தார். நாலு காலையும் ஊன்றி, கயிற்றுக்கு முன்னால், அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. இன்னும் பத்தடி போனார். நின்றது. திரும்பி வருவார் என்று நின்றது.

"மாமா!" சுளீர் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான். தீப்பிடித்த நாளிலிருந்து அவன் முகத்தில் இல்லாத வெளிச்சம். "மாமா, நிக்குது! பாருங்க, நிக்குது!"

நிதானம் குதிரை பக்கம் திரும்பினார். "ஓடு" என்றார். பிறகு கத்தினார். "ஓடு! ஏய்! போ!" கையைத் தட்டினார், ஒரு கல்லை எடுத்து அதன் காலடியில் எறிந்தார். குதிரை காதை முன்னால் நீட்டிக் கேட்டது. நகரவில்லை. அவர் சுளீரைத் தள்ளிவிட்டுச் சேண அறைக்குள் போனார். நெருப்பு படாத அந்த அறையில், இரண்டு வருஷத் தூசியோடு சவுக்கு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். முப்பத்தைந்து வருஷம் குதிரையோடு வாழ்ந்தவர், சவுக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தார். ஓங்கி மண்ணில் அடித்தார். சுளீர் என்று சத்தம் கேட்டது.

குதிரைக்கு உடம்பு முழுக்க நடுங்கியது. கால் எடுக்கவில்லை.

"நிக்காத! நிக்காதடா! எவன் போட்டாலும் நிக்காத!" அழுதுகொண்டே இன்னும் கிட்டே போய் அடித்தார். அதற்கும் கிட்டே போய் அடித்தார். மண் எகிறி அதன் முகத்தில் விழுந்தது. நின்றது. அவர் கை மறுபடி ஓங்கியபோது, துணி சுற்றிய இரண்டு மொத்தைக் கைகள் பின்னாலிருந்து வந்து அவர் கையைக் கட்டிக்கொண்டன. வலியில் சுளீர் பல்லைக் கடித்தான்.

"வேணாம் மாமா. அதுக்கு இன்னொரு கண்ணுதான் மிச்சம்."

சவுக்கு அவர் கையிலிருந்து விழுந்தது. சுளீர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். நிதானம் போய்க் கயிற்றைக் கையில் எடுத்தார்.

சாயங்காலம் பெண்டாட்டி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தபோது அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மதியம் ஏன் வரல? தம்பி அந்தச் சவுக்கை அடுப்புல வெக்கச் சொன்னான், அவன் கையால முடியலையாம். வெச்சேன். வீடு பூரா தோல் நாத்தம். ஏன்டான்னு கேட்டா, 'நின்னுடுச்சு'ன்னு சொல்லிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டான்." அவள் குதிரையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "சரி, கயிறைப் போட்டுட்டுக் கை கழுவிட்டு வாங்க."

"போட முடியாது."

"அப்ப எங்கயாவது கட்டுங்க."

"கட்டினா அவிழ்க்க ஒரு ஆள் வேணும். அன்னைக்கு மாதிரி நான் பஸ்ல இருந்தா அது என்ன பண்ணும்?"

அவள் அவர் கைகளைப் பார்த்தாள். கயிற்றை அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார், விரல் வெளுத்துப்போயிருந்தது. "நல்லா இருக்கு, போங்க" என்றாள். "வீட்டுல ஆம்பளை ரெண்டு. ரெண்டு பேருக்கும் கையில்ல." தொட்டிக் குழாயில் தன் கையைக் கழுவிக்கொண்டு தூக்கைத் திறந்தாள். அவருக்கு ஊட்டிவிட்டாள். அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார்.